லேட் நோட்டும் மறந்துபோன கண்ணாடியும்

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது மூன்று, நாத்தனார் விட்டுவிட்டுப் போன இரண்டையும் சேர்த்தால் வளர்த்தது ஐந்து. ஐந்தும் படித்தன. ஐந்துக்கும் வேலை இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் என்னைப் பற்றிக் குறைச்சலான ஒரு விஷயத்தைச் சொல்லப் போகிறேன். அதைக் கேட்டுவிட்டு, ஐயோ பாவம் என்று யாரும் உச்சுக்கொட்டக் கூடாது.

போன செவ்வாய்க்கிழமை காலையில் மருமகள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் ஒரு சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தாள், முகம் மாறிவிட்டது. பேத்தியின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த செய்தி. பேத்தி ஆறாவது படிக்கிறாள். அவள் கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். பள்ளி வாசலில் நிற்கும் கம்பத்தில் அந்த அட்டையைக் காட்டினால்தான் உள்ளே போக வழிவிடும். எத்தனை மணிக்குக் காட்டினாள் என்பது அடுத்த நொடியே இங்கே தாயின் கைக்கு வந்து சேர்ந்துவிடும். 'உங்கள் குழந்தை இன்று ஆறு நிமிடம் தாமதம்.' அவ்வளவுதான் செய்தி.

சாயங்காலம் பிள்ளை வந்ததும் வராததுமாக விசாரணை ஆரம்பித்தது.

"வேன்ல ஏத்திவிட்டது நானு. நடுவுல ஆறு நிமிஷம் எங்கடி போச்சு?"

"டிரைவர் பையா வேனுக்கு கேஸ் ரொப்ப பங்க்ல நின்னாரும்மா. லைன் பெருசா இருந்துச்சு."

"அத அங்க சொல்ல வேண்டியதுதானே?"

"யார்ட்ட சொல்றது? அங்க யாரும் இல்ல. மெஷின்தான் இருக்கு."

மருமகள் அதோடு விட்டுவிட்டாள். நான்தான் விட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அங்கே யாரும் இல்லை என்கிறாளே! பதினொரு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தின் கேட்டில் அந்த யாரோவாக நின்றவள் நான்.

அப்போது நாங்கள் டெல்லியில் சரோஜினி நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். இவர் ஒரு ஆபீஸில் பியூன். ஒரு அறை, ஒரு சமையலறை, ஏழு பேர். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரி என்னைப் பார்க்கும்போதெல்லாம், இந்த வீட்டுக்குள் இத்தனை பேர் எப்படிப் படுக்கிறீர்கள் என்று கேட்பாள். அடுக்கித்தான் என்று கையாலேயே காட்டுவேன். பிள்ளைகள் கொஞ்சம் தலையெடுத்த பிறகு, தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆயா வேலை இருக்கிறது என்று கோயிலில் ஒருத்தி சொன்னாள். நான் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. எங்கள் பக்கத்தில் பாட்டியைத்தான் ஆயா என்போம். நாற்பத்தைந்து வயதில் அந்தப் பெயரா என்று முதலில் கசந்தது. போனேன்.

வேலைக்கு எடுத்தவர் பெரிய டீச்சர். பள்ளிக்கே தலைமை அவர்தான். எல்லாரும் அப்படித்தான் அவரைச் சொல்வார்கள். திருநெல்வேலிக்காரர். டெல்லிக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் அவருடைய பேச்சு அந்த ஊரை விட்டு ஒரு அடி நகரவில்லை.

"எழுதப் படிக்கத் தெரியுமாம்மா?"

"தெரியுங்க" என்றேன்.

என் பெயரில் ஆறு எழுத்து. அந்த ஆறையும் கோலம் போடுகிற மாதிரி போடுவேன். எந்தப் புள்ளியில் தொடங்கி எங்கே சுழிக்க வேண்டும் என்பது கைக்குத் தெரியும். அதில் எது என்ன எழுத்து என்று கேட்டால் தெரியாது. பஸ்ஸின் நம்பர் தெரியும், கடிகாரம் பார்க்கத் தெரியும், கணக்கு மனதிலேயே போடுவேன். ஊரிலிருந்து கடிதம் வந்தால் இவர் படிப்பார். எனக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன் என்று புதிதில் கேட்டிருக்கிறேன். "நாந்தான் இருக்கனே, உனக்கு எதுக்கு" என்றார். அன்போடுதான் சொன்னார். அதனால்தான் அதன் பிறகு கேட்கவில்லை.

பிள்ளைகளின் பள்ளி டைரியில் கையெழுத்துப் போடுவது மட்டும் நான்தான். எங்கே போட வேண்டும் என்று அவர்கள் விரல் வைத்துக் காட்டுவார்கள், நான் கோலத்தைப் போடுவேன். என் இரண்டாவது மகன் ஒரு தடவை, ஆக்ராவுக்கு டூர் போக அனுமதி என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்கினான். ஆக்ராவுக்கு யாரும் போகவில்லை. அது கணக்கிலும் அறிவியலிலும் தவறிய மார்க் தாள். இவர் பார்த்து அவனை உரித்தெடுத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பையன் ஏமாற்றிவிட்டானே என்று திட்டினேனே தவிர, ஏமாறுகிற இடத்தில் நான் இருக்கிறேனே என்று யோசிக்கவில்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும். அது கிடக்கட்டும்.

பள்ளிக்கூடத்தில் எத்தனை விதிகள் என்கிறீர்கள்! டைரியின் முதல் இரண்டு பக்கமும் அதுதான். பெண் பிள்ளைகள் இரட்டைப் பின்னலை மடித்துக் கறுப்பு ரிப்பன் கட்ட வேண்டும். நகம் வளர்க்கக் கூடாது. மருதாணிக்குத் தடை. தீபாவளி வந்தால் அக்கம்பக்கத்து வடக்கத்திப் பெண்களோடு சேர்ந்து இந்தப் பிள்ளைகளும் கை நிறைய மெஹந்தி வைத்துக்கொண்டு வந்துவிடும். பிறகு பத்து நாள் முழுக்கை ஸ்வெட்டரை விரல் நுனி வரை இழுத்துவிட்டுக்கொண்டு திரியும். ஹோலி முடிந்து வரும்போது காது மடலில் ஒரு பொட்டுச் சிவப்புக் கூட இருக்கக் கூடாது. பள்ளிக்குள் ஹிந்தியில் சண்டை போடக் கூடாது என்று ஒரு விதி. அதை மட்டும் யாராலும் காப்பாற்ற முடியவில்லை. சாப்பாட்டைப் பங்கு போடும்போது தமிழ் பேசுகிற வாய், கோபம் வந்தால் தானாக ஹிந்திக்கு மாறிவிடும்.

திங்கட்கிழமை டிரில் மாஸ்டர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவார். என் இடுப்பில் ஒரு சுருக்குப் பை உண்டு. ஊக்கு, நகவெட்டி, நாலு முழம் கறுப்பு ரிப்பன், சாக்பீஸ் துண்டுகள். கேட்டுக்கு இந்தப் பக்கமே ஒவ்வொன்றையும் பிடித்துச் சரிசெய்து அனுப்புவேன். வெள்ளை கான்வாஸ் ஷூ மண்ணாகியிருந்தால் சாக்பீஸை ஈரம் தொட்டுத் தேய்த்துவிட்டால் போதும், பிரேயர் முடிகிற வரை தாங்கும். மாஸ்டருக்கும் இது தெரியும். "ஆயாம்மா, ஒங்க பெயிண்டிங் வேலை முடிஞ்சுதா? நான் ஆரம்பிக்கலாமா?" என்பார்.

இன்றைக்கும் எனக்கு அந்துருண்டை வாசனை வந்தால் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வருகிறது. நவம்பரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வரச் சொல்லும் முதல் நாள், எல்லா வீட்டிலும் டிரங்குப் பெட்டியைத் திறந்து எடுத்த வாசனையோடு பிள்ளைகள் வந்து நிற்பார்கள். மைதானமே அந்துருண்டைக் கடை மாதிரி இருக்கும். அந்த வாசனைக்குப் பின்னாலேயே பனி வந்துவிடும். டெல்லிப் பனியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எதிரே வருகிற பஸ், கண்டக்டர் கத்துகிற சத்தத்தில்தான் தெரியும். பனி வந்தால் லேட்டும் வந்துவிடும்.

லேட்டுக்கு விதி இது. ஏழரைக்குப் பிரேயர் மணி. மணி அடித்ததும் கேட்டைச் சாத்திவிட வேண்டும். பிறகு வருகிறவர்கள் வெளியிலேயே நிற்க வேண்டும். பிரேயர் முடிய ஒரு கால் மணி நேரம் ஆகும். முடிந்ததும் லேட் நோட்டில் பெயரும் வகுப்பும் எழுதிக்கொண்டு உள்ளே விடலாம். வகுப்புக்குப் போகிற வரிசையின் வாலில் சேர்ந்துகொள்வார்கள். ஒரு மாதத்தில் மூன்று தடவை பெயர் ஏறினால் வீட்டுக்குக் கடிதம் போகும். தாயோ தகப்பனோ வந்து பேச வேண்டும். அதற்கு மேலும் தொடர்ந்தால் டி.சி.

கேட்டில் இருந்த காவல்காரர் ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பெரிய டீச்சர் நோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நீங்கதான் படிச்ச ஆளாச்சே. பாத்துக்கிடுங்க."

அன்று ராஜினாமா செய்திருக்கலாம், இல்லை உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் மூன்றாவதாக ஒன்று செய்தேன். முதல் லேட் பிள்ளையிடம் நோட்டை நீட்டி, "கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டன், நீயே எழுதுப்பா" என்றேன். எனக்கு அப்போது கண்ணாடியே கிடையாது. எட்டு மாதம் தினமும் கண்ணாடியை மறந்துவிட்டு வந்த ஆள் இந்த டெல்லியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இப்போது நினைத்தால் ஆச்சரியம் ஒன்றுதான். யாரும் பார்க்கப் போவதில்லை, கிழவிக்குக் கண் தெரியவில்லை என்று தெரிந்தும் ஒன்றைத் தவிர அத்தனை பிள்ளைகளும் தன் பெயரைத் தானே உள்ளபடி எழுதிவிட்டுப் போயிருக்கின்றன. எழுதும்போது காரணம் வேறு சொல்லும். "பஸ் நிக்கவே இல்ல ஆயாம்மா." "தம்பி பால கொட்டிட்டான் ஆயாம்மா." காரணம் எழுத நோட்டில் இடம் கிடையாது. என்னிடம் சொல்வதோடு சரி.

அந்தப் பனிக்காலத்தில் ஒன்பதாவது படித்த மாலதி என்ற பெண் அடிக்கடி லேட்டாக வந்தாள். டெல்லியிலேயே பிறந்தவள், துருதுருவென்று இருப்பாள். அப்பா ராணுவத்தில் எங்கோ எல்லையில். அம்மாவுக்குக் குளிர் வந்தால் மூச்சு இழுக்கும். இரண்டு தம்பிகளுக்கும் சமைத்துக் கொடுத்து, பக்கத்துப் பள்ளியில் விட்டுவிட்டு ஆர்.கே.புரத்திலிருந்து ஓடி வருவாள். மூச்சு வாங்க நிற்கிறவளிடம் ஒரு நாள் நோட்டை நீட்டினேன். அவள் எழுதவில்லை. நோட்டையே பார்த்தாள். பிறகு மெதுவாக அதைத் திருப்பி வைத்தாள். நான் தலைகீழாகக் கொடுத்திருக்கிறேன்.

என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"ஜல்தி எழுதுடி, வரிசை போவுது" என்றேன்.

எழுதினாள். போனாள். அதன் பிறகும் அந்த மாதத்தில் மூன்று நாள் லேட்டாக வந்தாள், எழுதினாள், போனாள்.

இன்னொரு பெண்ணையும் சொல்ல வேண்டும். சுமதி. அவளும் ஒன்பதாவதுதான். அவளுடைய அப்பா ஒரு மெஸ்ஸில் சமையல்காரர். வீடு வெகு தூரம். இரண்டு பஸ் மாற வேண்டும். காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஏழுக்கெல்லாம் கேட்டுக்கு வந்துவிடுவாள். நான் பூட்டைத் திறக்கும்போது தினமும் முதலில் தெரிகிற முகம் அவளுடையதுதான். "குட்மார்னிங் ஆயாம்மா" என்று சொல்லிவிட்டு, கை விறைத்துப் போயிருப்பதால் பையை என்னிடம் கொடுத்துக் கழற்றச் சொல்வாள்.

ஒரு நாள் ஆபீஸ் அறைக்கு நோட்டோடு வரச் சொல்லி ஆள் வந்தது. போனேன். பெரிய டீச்சர் உட்கார்ந்திருக்கிறார். எதிரே மஃப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு ஒருவர் உட்காராமல் நிற்கிறார். சுவர் ஓரத்தில் சுமதி அழுது அழுது முகம் வீங்கி நிற்கிறாள்.

அவளுடைய பெயர் லேட் நோட்டில் நான்கு தடவை ஏறியிருக்கிறது. கடிதம் போயிருக்கிறது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. மெஸ்ஸில் சாப்பிட வந்த யாரோ ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார்.

"டீச்சரம்மா, ஆறு மணிக்கு வூட்ட வுட்டுக் கெளம்புற பொண்ணு. ஏழே முக்காலுக்கு இஸ்கூலுக்கு வருதுன்னா நடுவுல எங்க போச்சு? யாரோட போச்சு? அத மட்டும் சொல்லச் சொல்லுங்க. நா ஒண்ணும் அடிக்க மாட்டன். ஞாயித்துக்கெழமை ரயிலுக்கு டிக்கெட்டு சொல்லியாச்சு. ஊர்ல என் அக்கா பையன் இருக்கான். போதும் படிச்சது."

அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆயாம்மா, நீங்க சொல்லுங்க. தெனம் கேட்ட தெறக்கறப்ப நாந்தான நிக்கறன்?"

"ஆமாங்க. இந்தப் பொண்ணு ஒரு நாளும் லேட்டு இல்லீங்க" என்றேன்.

"அப்பம் நோட்டுல எப்படிம்மா இருக்கு? ஒங்க நோட்டுதான?" என்றார் பெரிய டீச்சர்.

இந்த இடத்தில் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான், "கை தவறி எழுதிட்டன் போலங்க" என்றேன்.

"நாலு தடவையுமா கை தவறும்?"

சுமதியின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புரியுது டீச்சரம்மா. இந்தம்மாவும் இதுக்குக் கூட்டு. லேட்டா வர்றதுக்கு உள்ள வுட்டுட்டு, இப்ப மாட்டிக்கிட்டதும் மறைக்கறாங்க." மகளின் தோளைப் பிடித்தார். "வா போலாம்."

என் மானத்தைக் காப்பாற்றப் போய், அந்தப் பெண்ணைப் பள்ளத்தில் இன்னும் ஒரு அடி தள்ளியிருக்கிறேன். கதவு வரைக்கும் போய்விட்டார்கள். அவள் அழுகையை நிறுத்தியிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நில்லுங்க" என்றேன். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. அந்த நோட்டுல நா ஒரு வரிகூட எழுதல. புள்ளைங்கள வுட்டுத்தான் எழுத வச்சன். யாரு யார் பேர எழுதிச்சுன்னு எனக்குத் தெரியாது."

பெரிய டீச்சர் என்னையே பார்த்தார். "என்னம்மா சொல்லுதீங்க? சேரும்போது தெரியும்னு சொன்னீங்களே?"

"பொய் சொன்னங்க."

அந்த அப்பா நம்பவில்லை. மேசை மேல் கிடந்த பள்ளி டைரியை எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். "இதப் படிங்க பாப்போம்." நான் வாங்கினேன். விதிகள் எழுதியிருக்கும் அதே பக்கம். எத்தனை பிள்ளைகளை அந்த விதிகளுக்குத் தகுந்தபடி ரிப்பன் கட்டி, நகம் வெட்டி அனுப்பியிருப்பேன்! அதில் ஒரு எழுத்து எனக்குத் தெரியாது. பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவரே டைரியை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார். "வுடுங்க டீச்சரம்மா. நடிப்பு இல்ல. புஸ்தகத்தப் புடிச்சிருக்கற தினுசுலயே தெரியுது. நானும் இப்படித்தான் புடிப்பன்."

பெரிய டீச்சர் அப்போதுதான் லேட் நோட்டை முதலிலிருந்து புரட்டினார். வாரா வாரம் அதில் கையெழுத்துப் போட்டவர் அவர். பெயர்களை எண்ணியிருக்கிறார், எழுத்தைப் பார்த்ததில்லை. வரிக்கு வரி வேறு வேறு கை. "நானும் கண்ண மூடிட்டுத்தான் இருந்திருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"யாரு எழுதினதுன்னு தெரியுமாம்மா?"

தெரியும். அந்த நாட்களில் கேட்டுக்கு வெளியே நின்ற முகங்கள் எனக்கு மறக்காது, நோட்டைத் திருப்பி வைத்த முகமும்தான். "கூட்டமா வருவாங்க, ஞாபகம் இல்லீங்க" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய். இதற்கு மட்டும் நான் வருத்தப்படவில்லை.

சுமதியின் அப்பா டிக்கெட்டை வேண்டாமென்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். ஆனாலும் கிளம்பவில்லை. மஃப்ளரை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டே, "நா நம்பறன். மெஸ்ஸுல என் காது நெறைய பேசிட்டாங்க. இங்க இருக்கற புள்ளைங்க வாய யாரு மூடறது?" என்றார். நியாயம்தான். சுமதி ஊர் சுற்றுகிறாள் என்று வகுப்பில் இரண்டு நாளாகவே பேச்சு ஓடிக்கொண்டிருந்ததாம்.

பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. தப்பு செய்த பிள்ளை மறுநாள் பிரேயர் முடிந்ததும் படி மேல் ஏறி, மைக்கில் தன் தப்பைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அடி கிடையாது, திட்டு கிடையாது. சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். சொல்லிவிட்ட தப்பைப் பற்றி அதன் பிறகு யாரும் கேலி பேசக் கூடாது என்பதும் அந்த விதியிலேயே சேர்ந்தது.

"நாளைக்கு நா ஏறறன்" என்றேன். பெரிய டீச்சர், "நீங்க ஏற வேண்டாம்மா, நான் பேசிக்கிடுதேன்" என்றார். "விதின்னு ஒண்ணு வச்சிருக்கீங்கல்ல, அது கேட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கறவங்களுக்கும்தான்" என்றேன். வீறாப்பாகத்தான் சொன்னேன். மறுநாள் பிரேயர் முடிந்ததும் படி ஏறினேன்.

மைக்கைப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை. மாஸ்டர் வந்து வளைத்துக் கொடுத்தார். "புள்ளைங்களா, ஆயாம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தெரியும்னு பொய் சொல்லி எட்டு மாசம் லேட் நோட்ட வச்சிருந்தன். அதனால சுமதி பேரு தப்பா ஏறிடிச்சு. அது ஒரு நாளும் லேட்டு இல்ல. கேட்ட தெறக்கறப்ப மொத ஆளா நிக்கிற புள்ள அது. தப்பு என்னுது."

முன் வரிசையில் யு.கே.ஜி.க்காரி ஒருத்தி, கையில் தண்ணீர் பாட்டிலோடு, "ஆயாம்மா, எனக்கும் படிக்கத் தெரியாது" என்று சத்தமாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பெரிய டீச்சரும் சிரித்தார். ஒன்பதாவது வரிசையில் சுமதி தலை நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அது போதும்.

இறங்கிப் போய்க் கேட்டைத் திறந்தேன். அன்று லேட்டாக வந்தது ஒரே ஒரு ஆள். மாலதி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் மைக்கில் சொன்னது முழுவதும் வெளியே கேட்டிருக்கிறது. மூக்கும் கண்ணும் சிவந்து கிடந்தன.

"ஆயாம்மா, மூணு தடவ ஆயிடுச்சுன்னா மம்மிய வரச் சொல்வாங்க. மம்மியால படி எறங்கவே முடியாது. ரோல் நம்பர்ல எனக்கு அடுத்தது சுமதி, அதான் அவ பேர எழுதினேன். ஒரு வாட்டிதான்னு நெனச்சேன். அப்பறம்..."

"சரி. எழுது" என்று நோட்டை நீட்டினேன். நேராகத்தான் நீட்டினேன் என்று நினைக்கிறேன்.

எழுதினாள். பெரிதாக, இரண்டு வரி அகலத்துக்கு. "என் பேருதான் எழுதியிருக்கேன். படிச்சுப் பாருங்க."

"எப்படிடி படிப்பன்? இப்பத்தான ஊருக்கே சொல்லிட்டு வரன்."

என் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். அவள் விரல் ஐஸ் மாதிரி இருந்தது. ஒவ்வொரு எழுத்தின் மேலும் வைத்துச் சொன்னாள். மா. ல. தி. என்னுடைய ஆறு கோலத்துக்குப் பிறகு நான் அறிந்துகொண்ட முதல் மூன்று எழுத்து அவைதான்.

அன்று பத்து மணிக்கு அவளே போய்ப் பெரிய டீச்சரிடம் சொல்லிவிட்டாள். நான் போகச் சொல்லவில்லை. மறுநாள் படி ஏறியது அவள். இறங்கி வரும்போது சுமதி அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வாரம் பேச்சில்லை. பிறகு ஒரு நாள் ஒரே டிபன் பாக்ஸில் இரண்டு கை தெரிந்தது. நடுவில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

என்னை வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று நினைத்தேன். பெரிய டீச்சர் ஸ்கேல் எடுத்து, லேட் நோட்டில் இன்னொரு கோடு போட்டுக் கொடுத்தார். பெயர், வகுப்புக்குப் பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். "இதுல இனிமே நீங்கதான் எழுதணும். எப்பம் முடியுதோ அப்பம். அதுவரைக்கும் பிள்ளைகளே எழுதட்டும், நான் தெனம் வந்து பாக்கேன்" என்றார். மாலதியின் கட்டத்தில் 'அம்மாவுக்கு மூச்சு' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, அந்தப் பனிக்காலம் முடிகிற வரை அவள் பெயரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கேட்டில்தான் படித்தேன். லேட்டாக வருகிற ஒவ்வொன்றும் எழுதிவிட்டு எனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று நானே ஒரு விதி வைத்தேன். ஒரு வருடத்தில் யார் யார் சோம்பேறிகளோ அவர்கள் பெயரெல்லாம் எனக்கு அத்துப்படி. நேரத்துக்கு வருகிற நல்ல பிள்ளைகளின் பெயர்தான் எழுதத் தெரியவில்லை. சுமதி என்று எழுத ஒன்றரை வருடம் ஆனது. அவளிடம் காட்டினேன். "அழகா இருக்கு ஆயாம்மா" என்றாள். 'ம' கொஞ்சம் கோணல்தான்.

சுமதி இப்போது எங்கோ நர்ஸ் என்று கேள்வி. மாலதி கல்யாணப் பத்திரிகை அனுப்பினாள். முழுவதையும் நானே படித்தேன், அச்சகத்தின் பெயர் உட்பட. அந்தக் கேட் போய் இப்போது இரும்புத் தகடு போட்ட பெரிய கதவு வந்துவிட்டதாம். சரோஜினி நகர்க் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். சாக்பீஸ் தேய்க்கிற ஷூவை யாரும் போடுவதில்லை. பெரிய டீச்சரும் இல்லை, இவரும் இல்லை. லேட் மட்டும் இருக்கிறது. அதற்குக் காரணம் கேட்க அங்கே ஆள்தான் இல்லை.

பேத்தியின் பழைய நோட்டில் மிச்சம் கிடந்த தாள்களில் இதை எழுதி முடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. எழுத்து இன்னும் கொஞ்சம் கோலம் மாதிரிதான் விழுகிறது. பேத்திக்கு ஹிந்தி ஓட்டமாக வரும், இங்கிலீஷ் ஓட்டமாக வரும். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், அதுவும் கெஞ்சினால். கூப்பிட்டேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதக் கொஞ்சம் படிச்சுக் காட்டு சாமி. கண்ணாடிய எங்கியோ மறந்துட்டன்."

"ஆயா, கண்ணாடி உன் தலை மேலயே இருக்கு."

"தெரியும். நீ படி."